ஒரு புள்ளி அதிகம்

அந்தக் கடையில் அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவன் டெமோ. டெமோ அறையில் நிற்பவன் என்பதால் டெமோ, அவ்வளவுதான். "டெமோ, பார்ட்டி வந்திருக்கு", "டெமோ, உன் டீ ஆறுது" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது தெருவில் யாராவது உண்மைப் பெயரைச் சொல்லி அழைத்தால் அவன் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டான்.

ஃபிரிட்ஜுகளையும் வாஷிங் மெஷின்களையும் தாண்டி, கடையின் கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட அறை அது. சோபா, எதிரே பெரிய டி.வி., இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர், நடுவில் ஆம்ப்ளிஃபயர். அதன் முதுகில் இரண்டு கேபிள்கள். ஒன்று எந்தத் தெருவோரக் கடையிலும் கிடைக்கிற சாதா. இன்னொன்று பின்னல் உறை போட்டு, முனையில் தங்க முலாம் பூசின, ஆனை விலை குதிரை விலை கேபிள். ரிமோட்டில் ஒன்றாம் நம்பரை அமுக்கினால் சாதா வழியாகச் சத்தம் வரும். இரண்டை அமுக்கினால் தங்க முலாம் வழியாக வரும். சோபாவில் உட்கார்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இரண்டை அமுக்கியதும் அவர் புருவம் மேலே போகும். "அட, ஆமாம்பா! நல்லாத்தான் இருக்கு."

ஏன் இருக்காது? ஆம்ப்ளிஃபயருக்குள் போய், இரண்டாம் வழிக்கு மட்டும் ஒரு புள்ளி சத்தத்தை அதிகமாக்கி வைத்திருந்தார் மேனேஜர். ஒரே ஒரு புள்ளி. சத்தம் கூடிவிட்டது என்று காதுக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது என்றுதான் தெரியும். மனுஷக் காது அப்படிப்பட்ட ஏமாளி. மற்றபடி அந்தக் கேபிளுக்கும் சாதாக் கேபிளுக்கும் மயிரளவு வித்தியாசம் கிடையாது என்பது டெமோவுக்குத் தெரியும். இந்தக் காலத்துக் கேபிளில் சத்தம் வெறும் எண்களாகத்தான் ஓடுகிறது. வந்தால் முழுசாக வரும். கேபிள் கெட்டிருந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், சத்தம் வெட்டி வெட்டி வரும். மங்கலாகவோ மழுங்கலாகவோ வரவே வராது. இதை அவன் ஒருநாள் மேனேஜரிடம் சொல்லியும் பார்த்தான்.

"நாம என்ன பொய் சொல்றோமா?" என்றார் மேனேஜர். "ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கோமா சொல்லு. அவரா கேக்கறாரு. அவரா நல்லாருக்குங்கறாரு. அவரா வாங்கறாரு. நீ ஏன்யா நடுவுல பூந்து மனசாட்சி மனசாட்சின்னு குதிக்கறே?"

டெமோ அதற்கு மேல் குதிக்கவில்லை. குதிக்கிற ஆளும் அல்ல அவன்.

சோபாவில் உட்கார்ந்து ஏமாறுகிறவர்கள் முன்பின் தெரியாதவர்களாக இருந்தவரைக்கும் அவன் காலம் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவனுடைய அத்தானே வந்து நின்றார்.

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்துபவர். மூக்கு நுனியில் கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே கோபம். ஊரே பார்த்து, சரி என்று ஒத்துக்கொண்ட பக்கத்தில், அவர் பார்வை பட்டால் ஒரு புள்ளி மிச்சமாகக் கிடக்கும். இந்தக் கடையின் விளம்பரங்களைத் திருத்திக் கொடுத்த பழக்கத்தில் மேனேஜரிடம் சொல்லி மைத்துனனுக்கு இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவர்தான். அதனால் அவர் எதிரில் டெமோவுக்கு எப்போதும் கொஞ்சம் முதுகு வளையும்.

"மாப்ளே, பாப்பா நியூஸ் வாசிக்கிறாளே, பாக்கறியா?"

பார்க்காமல் இருப்பானா? அக்காவுக்கு ஒரே பெண். பொத்திப் பொத்தி வளர்த்த பெண். அப்பா அச்சகத்துத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். அப்பா கண்ணால் ஒத்துப் பார்ப்பார். ஒரு எழுத்தைச் சப்பையாக உச்சரித்தால் பென்சிலால் தலையில் தட்டு விழும். அப்படித் தட்டு வாங்கி வாங்கித் தேறிய நாக்கு அது. இப்போது ஒரு சின்ன சேனலில் காலைச் செய்தி வாசிக்கிறாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருந்தார்கள். அவள் முகம் முதன்முதலாகத் திரையில் வந்த காலையில், டெமோ கடையிலிருந்த அத்தனை டி.வி.யிலும் அந்த சேனலையே வைத்துவிட்டு, வாசலில் நின்ற காவலாளியை உள்ளே இழுத்துவந்து, "என் அக்கா பொண்ணுண்ணே, என் அக்கா பொண்ணு" என்று காட்டினான். தாய்மாமன் அல்லவா, உச்சி குளிர்ந்து போயிருந்தான்.

"தினம் பாக்கறேன் அத்தான். தங்கமா வாசிக்கிறா."

"வாசிக்கிறாதான். ஆனா நம்ம வீட்டு டி.வி.ல சத்தம் மழுங்கி வருது. அவ ‘அரசு'ன்னு சொன்னா ‘சு' வர்றதில்ல. ‘செய்தி'ங்கறப்போ பாதியைக் காணோம். பூரா கம்பளிக்கு உள்ளேர்ந்து பேசறாப்ல இருக்கு. மெக்கானிக் வந்து பார்த்துட்டு டி.வி. ஜோரா இருக்குன்னுட்டான். அப்போ பாக்ஸ்லேர்ந்து டி.வி.க்கு வர்ற கேபிள்தானே?"

கேபிளாக இருக்கவே முடியாது என்று சொல்ல டெமோ வாயைத் திறந்தான். அதற்குள் மேனேஜர் உள்ளே வந்துவிட்டார். "அடடே, வாங்க சார்! உங்களுக்கு இல்லாததா?" என்று தன் கையாலேயே ரிமோட்டை எடுத்தார். பாப்பா வாசித்த செய்தியை அத்தான் தன் போனில் பிடித்து வைத்திருந்தார். அதைப் போட்டார்கள். ஒன்று. அத்தானின் நெற்றி சுருங்கியது. இரண்டு. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆ! வந்துடுச்சு பாரு! ‘சு' வந்துடுச்சு!"

டெமோ திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். ஒரு புள்ளிக்கு வந்துவிடுகிற எழுத்தா அது? வாடிக்கையாளர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். வராத எழுத்து வந்துவிட்டது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எங்கோ இடித்தது. மேனேஜர் அதற்குள் பில் போடச் சொல்லிவிட்டார்.

அந்த உறுத்தலுக்கு விடை அக்காவிடமிருந்து வந்தது. மறுவாரம் போன் செய்தாள்.

"டேய் தம்பி, உங்க அத்தானோட என்னால முடியலைடா. நான் முணுமுணுக்கிறேனாம். முழுங்கி முழுங்கிப் பேசறேனாம். கல்யாணமானதுலேர்ந்து இதே வாய்தானேடா எனக்கு! வாசல்ல பெல் அடிச்சா காதுல வாங்கறதில்ல. குக்கர் பாட்டுக்குக் கத்துது, பக்கத்துல உக்காந்துக்கிட்டு பேப்பர் படிக்கிறார்."

"அக்கா, டாக்டர்கிட்ட..."

"சொன்னேன்டா. சொல்லாம இருப்பேனா? ‘யாருக்குடி செவிடு'ன்னு எந்திரிச்சவர்தான், ரெண்டு நாள் என்கூடப் பேசலை. டி.வி. சத்தத்தையாவது கொஞ்சம் ஏத்தி வைங்கன்னா, எப்பவும் எந்த நம்பர்ல வைப்பாரோ அதே நம்பர்தானாம். ஏத்தி வைக்கறது செவிட்டுப் பசங்க வேலையாம். நீ வாயைத் திறந்துடாதே. நான் உங்கிட்ட சொன்னேன்னு தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்."

அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டாம் என்று அக்காவே சொன்னது அவனுக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. அதுதான் அவன் குணம். யாராவது கதவைச் சாத்தினால், நல்லவேளை என்று அந்தப் பக்கமே போகமாட்டான்.

அத்தான் திரும்பி வந்தார். கையில் அந்தக் கேபிள், சுருட்டி ரப்பர் போட்டபடி. "இங்கே நல்லாருந்தது மாப்ளே. வீட்டுல போட்டா பழைய குருடி கணக்குதான். மறுபடி மழுங்கிடுச்சு."

மேனேஜர் அன்றைக்கு வெளியே போயிருந்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. டெமோ சுற்றி வளைத்து ஆரம்பித்தான். "அத்தான், கேபிள்னால அவ்ளோ வித்தியாசம் வராது. நான் சொல்றதைக் கேளுங்க, இந்தப் பணத்துக்கு..."

"வராதா? அன்னிக்கு என் காதால கேட்டேனே! இதே சோபாவுல உக்காந்து கேட்டேன். நீயும்தானே நின்னே?"

"நின்னேன் அத்தான்."

"அப்போ? இதைவிட ஒசத்தியா ஒண்ணு இருக்குமே, அதைப் போட்டுக் காட்டு."

இருந்தது. கடையிலேயே உசத்தியான கேபிள், வெல்வெட் பெட்டிக்குள் நகை மாதிரி படுத்துக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து பழைய தங்க முலாமைக் கழற்றிவிட்டு, அதே இரண்டாம் வழியில் செருகினான் டெமோ. செருகும்போது ஒரு யோசனை வந்தது. அந்தப் புள்ளியைக் குறைத்துவிட்டால்? இவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. சீ, இதுவும் தண்டம் என்று எழுந்து போய்விடுவார். கேபிள் பைத்தியமாவது தெளியும்.

கை ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் போனது. சோபாவிலிருந்து அத்தான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபக்கார முகமே இல்லை அது. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் முகம்.

"பாப்பா எப்படி வாசிக்கிறான்னு ஒருதடவை முழுசா கேக்கணும் மாப்ளே. அவ அம்மா நல்லாருக்குங்கறா, அச்சகத்துல எல்லாரும் நல்லாருக்குங்கறாங்க. எனக்கு மட்டும் கேக்க மாட்டேங்குது."

டெமோவின் கை திரும்பி வந்துவிட்டது. அத்தானின் போனில் இருந்த அதே செய்தியைப் போட்டு இரண்டை அமுக்கினான். அதோடு நிற்காமல், பாவி, கட்டைவிரலால் இன்னும் ஒரு புள்ளியையும் ஏற்றினான். பாப்பாவின் குரல் அறை முழுக்க வந்து நின்றது. அரசு, செய்தி, சட்டம், தீர்ப்பு, ஒரு எழுத்து சிந்தவில்லை. அத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைக்கவேண்டியது கண்ணாடி அல்ல என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"ராஜாத்தி," என்றார். "எவ்ளோ சுத்தமா வாசிக்கிறா பாரு!"

அச்சகத்தில் கொடுத்த போனஸ் அந்த வெல்வெட் பெட்டிக்குப் போயிற்று. டெமோ தடுக்கவில்லை. அந்த மனுஷனுக்கு ஒரு சந்தோஷம் கிடைத்ததே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அது எப்படிப்பட்ட கொள்ளி என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

வீட்டில் மறுபடி மழுங்கியது. மழுங்காமல் என்ன செய்யும்?

இந்தத் தடவை அத்தான் கடைக்கு வரவில்லை. இனி வர என்ன இருக்கிறது? பிழை திருத்துகிறவரின் மூளை அது. தப்பு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகும். டி.வி.யை மெக்கானிக் பார்த்துவிட்டான், கழி. கேபிள் கடையிலேயே உசத்தி, அதற்கு மேல் ஒன்று இல்லை என்று மைத்துனனே காட்டியாயிற்று, கழி. தன் காதா? அதைத்தான் கடையில் போய்ச் சோதித்தாயிற்றே, ஒரு எழுத்து விடாமல் கேட்டதே, கழி. மிச்சம் என்ன? வாசிக்கிறவள். கடையில் கேட்டது பழைய செய்தி. அப்போது நன்றாகத்தான் வாசித்திருக்கிறாள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்த தைரியத்தில் அலட்சியம் வந்துவிட்டது.

மகள் மேல் உயிரையே வைத்திருந்ததால்தான் அவர் சும்மா இருக்கவில்லை. வேலை நிரந்தரமாகிற நேரத்தில் அவள் பெயர் கெட்டுவிடக் கூடாதே! ஒவ்வொரு நாளும் செய்தி முடிந்ததும் போன் செய்தார். "பாப்பா, சகரம் வரலை. நாலு இடத்துல தகரத்தை முழுங்கிட்டே. நாக்கை நல்லா தொட்டுச் சொல்லு." மறுநாள், "இன்னிக்கும் வரலைம்மா." அதற்கு மறுநாள், "நான் சொல்றதைக் கேக்கறியா இல்லையா?"

இதெல்லாம் டெமோவுக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் தூசி தட்டிக்கொண்டிருந்தவன், பாப்பாவின் குரலில் என்னவோ மாறியிருப்பதைக் கவனித்தான். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தித் துப்பினாள். அர-சு. செய்-தி. கல் பொறுக்குகிற மாதிரி வாசித்தாள். சளி பிடித்திருக்கும் போல என்று நினைத்தான். பிறகு வந்த நாட்களில் அது இன்னும் மோசமானது. நெற்றியில் வியர்வை மின்னுவது பெரிய திரையில் நன்றாகத் தெரிந்தது.

அப்புறம் அந்தக் காலை வந்தது. கடையின் எல்லா டி.வி.யிலும் பாப்பா. ஏதோ சட்டசபைச் செய்தி. ‘சட்ட' என்று ஆரம்பித்தவள் நின்றாள். மறுபடி ‘ச' என்றாள். நிமிர்ந்து பார்த்தாள். சிறியதிலிருந்து பெரியதுவரை சுவர் முழுக்க இருந்த அத்தனை பாப்பாவும் வாயைப் பாதி திறந்தபடி டெமோவையே பார்த்தார்கள். சத்தமே இல்லை. அவன் ஓடிப்போய்ப் பெரிய டி.வி.யின் முன்னால் நின்று, "சொல்லு தாயி, சொல்லு, சபைன்னு சொல்லு" என்று கையை ஆட்டினான். பைத்தியக்காரன், அவளுக்குக் கேட்கவா போகிறது? விளம்பரம் போட்டு மூடினார்கள்.

மறுநாள் மத்தியானம் அவளே கடைக்கு வந்தாள். சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும். நான் சரியா வாசிக்கலையா?"

"யார் சொன்னது? தங்கமா வாசிச்சே நீ. கொஞ்ச நாளாத்தான் என்னமோ..."

"அப்பா சொல்றார். தினம் சொல்றார். நானும் என்னென்னமோ செஞ்சு பாத்துட்டேன் மாமா. கண்ணாடி முன்னால நின்னு படிச்சேன், பென்சிலைக் கடிச்சுக்கிட்டுப் படிச்சேன். வரலை, வரலைங்கறார். இப்போ தாளைப் பார்த்தாலே எழுத்தெல்லாம் என் மேல பாயற மாதிரி இருக்கு. நானே கேட்டு டெஸ்க்குக்கு மாத்திக்கிட்டேன். நாளையிலேர்ந்து வேற பொண்ணு வாசிக்கும். நான் பின்னால உக்காந்து எழுதிக் குடுப்பேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை."

"ஐயோ, அவசரப்பட்டுட்டியேம்மா! தப்பு உம்மேல இல்லை. அப்பாவுக்குக் காது சரியில்லை பாப்பா. அம்மாவே சொன்னாங்க."

அவள் முகம் சிவந்துவிட்டது. "அப்பா காதைச் சொல்றீங்களா? அந்தக் காதை வெச்சுத்தான் மாமா நான் பேசவே கத்துக்கிட்டேன். அம்மா சொன்னதும் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனா அப்பாவே சொன்னார், இந்தக் கடையில, இதே ரூம்ல, நான் முன்னால வாசிச்சதை நீங்க போட்டீங்களாம். ஒரு எழுத்து விடாம கேட்டுச்சாம். காதுல கோளாறுன்னா இங்கே மட்டும் எப்படிக் கேட்கும்?"

பதில் இருந்தது. அவன் கட்டைவிரலில் இருந்தது.

"நீங்க எனக்கு ஆறுதலா சொல்றீங்க மாமா. நீங்க அப்படித்தான் சொல்வீங்க. அப்பா அப்படிச் சொல்ல மாட்டார்." அவள் எழுந்துவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேனேஜர் அடுத்த வாடிக்கையாளரோடு நின்றுகொண்டிருந்தார்.

அவள் வெளியே போகும்வரை அந்த மடையன் மென்று விழுங்கிக்கொண்டுதான் நின்றான். போன பிறகு ரிமோட்டை எடுத்தான். அந்த வாடிக்கையாளரிடம், "சார், ரெண்டும் ஒண்ணுதான், சாதாவே வாங்கிக்குங்க" என்று சொல்லி அனுப்பினான். மேனேஜர் கத்தினார். கத்தட்டும். சாயங்காலம் அத்தானுக்குப் போன் செய்து, நாளைக் காலையில் கடை திறக்கிற நேரத்துக்கு வாருங்கள், செய்தியை இங்கேயே உட்கார்ந்து நேரடியாகக் கேட்கலாம் என்றான். மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. வரும்வரை பாப்பாவுக்குப் போன் செய்யவேண்டாம் என்றும் சொன்னான்.

அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மேனேஜர் வர இன்னும் நேரம் இருந்தது. அத்தான் வருவதற்கு முன்பே டெமோ ஆம்ப்ளிஃபயருக்குள் போய் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டிருந்தான். வெல்வெட் பெட்டிக் கேபிள் ஒன்றை, அத்தான் பார்க்க, இரண்டாம் வழியில் செருகினான். சத்தத்தை அத்தான் வீட்டில் வைக்கிற அளவுக்கு வைத்தான். எப்படி ஆரம்பிப்பது என்று வாசகம் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தான். செய்தியின் இசை வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

திரையில் வேறு ஒரு பெண்.

"பாப்பா எங்கே?" என்றார் அத்தான்.

லீவாக இருக்கும் என்று அவரே நினைத்துக்கொண்டார் போல. கண்ணை இடுக்கிக்கொண்டு, முன்னால் சாய்ந்து, பழக்க தோஷத்தில் அந்தப் பெண் வாசிப்பதையும் திருத்த ஆரம்பித்தார். உதடு கூடவே அசைந்தது. கொஞ்ச நேரத்தில் ஏளனமாகச் சிரித்தார்.

"இந்தப் பொண்ணும் சகரத்தை முழுங்குறாளே."

சொல்லிவிட்டு, அந்தச் சிரிப்போடு அப்படியே இருந்தார். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது, பிறகு போய்விட்டது. சேனலை மாற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். டெமோ மாற்றினான். வேறு சேனல், கனத்த குரலில் ஓர் ஆண். அத்தான் கேட்டார். இன்னொன்று. அதையும் கேட்டார்.

"எல்லாரும் முழுங்குறாங்க," என்றார் மெதுவாக.

டெமோ அவர் பார்க்கும்படி ரிமோட்டை முன்னால் நீட்டி ஒரு புள்ளி ஏற்றினான். இன்னும் ஒன்று. அத்தானின் முகத்தில் எழுத்துகள் வந்து சேர்வது தெரிந்தது. மறுபடி இறக்கினான். எழுத்துகள் போயின. அத்தான் டி.வி.யைப் பார்க்கவில்லை, அவன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் இப்படித்தானா?"

"ஆமாம் அத்தான்."

"ரெண்டு தடவையுமா?"

"ஆமாம்."

அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சொல்லியிருக்கலாமே மாப்ளே," என்றார். அவ்வளவுதான். பிறகு திடுக்கிட்டவர் போல, "பாப்பா ஏன் வரலை? லீவா?" என்று கேட்டார்.

டெமோ சொன்னான். அவருக்கு எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்து, வாய் தெரியும்படி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். டெஸ்க். அவளே கேட்டு மாற்றிக்கொண்டாள். தாளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறதாம்.

அத்தான் அவசர அவசரமாகப் போனை எடுத்தார். காதில் வைக்கவில்லை. இந்தத் தடவை அந்த வீம்பு இல்லை. இருவருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு, உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தார். அவள் எடுத்ததும் அவள் பேசுமுன் அவரே கொட்டினார்.

"பாப்பா, அப்பா பேசறேன்மா. தப்பு உம்மேல இல்லை. ஒண்ணுகூட இல்லை. என் காதுதான்மா. இப்போதான் தெரிஞ்சுது. நீ சுத்தமா வாசிச்சிருக்கே. இந்த முட்டாள் அப்பன்தான்... நீ போய்ச் சொல்லு, நாளைக்கு நானே வாசிக்கிறேன்னு சொல்லு. சொல்றியா? சொல்லும்மா!"

போனில் அவள் அழுவதா மூச்சு விடுவதா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு தாழ்ந்த குரலில், கோபமே இல்லாமல், அவள் பேசினாள்.

"பரவால்லைப்பா. நீங்க முதல்ல டாக்டரைப் பாருங்க. எனக்கு வேணாம்ப்பா. உங்களுக்குக் காது கேக்கலைன்னா அது வேற. ஆனா இப்போ எனக்கே அப்படித்தான் கேக்குது. நான் பேசினா சகரம் வரலைன்னுதான் எனக்குக் கேக்குது."

அத்தான் போனையும் டெமோவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சொல்றா? சரிங்கறாளா?"

டெமோ போனின் பக்கவாட்டில் இருந்த பொத்தானைத் தேடி அமுக்கினான். மறுபடி அமுக்கினான். சத்தம் ஏற்கெனவே முழுசாகத்தான் இருந்தது. அதற்கு மேல் ஏற்ற ஒரு புள்ளிகூட இல்லை. அத்தான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.